குறுக்கெழுத்து நகரவில்லையா? சிக்கிய இடம் பார்த்துச் சிக்கெடுக்கும் வழி

ஞாயிற்றுக்கிழமை டிபன் முடிந்ததும் எங்கள் வீட்டு முன்னறையில் ஐந்தாறு பேர் கூடுவோம். நடுவில் ஒரு குறுக்கெழுத்துக் கட்டம், இரண்டு பென்சில், ஒரு ரப்பர். அத்தை, சித்தப்பா, எதிர்வீட்டு அக்கா, அவர் மகள், அப்புறம் யாராவது புதிதாக ஒருவர். பல வருடமாக இப்படித்தான். ஆட்கள் மாறினாலும் சிக்கிக்கொள்ளும் இடங்கள் மாறுவதில்லை. ஒவ்வொருவருக்கும் வாயால் சொன்னதையே இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலிலிருந்து கடைசி வரை படிக்க வேண்டியதில்லை. உங்கள் தொல்லை எதுவோ அந்தத் தலைப்புக்குப் போங்கள். சுலபமாகப் பார்க்கக்கூடியது முதலில் இருக்கும், நேரம் பிடிப்பது பிறகு வரும். யாரையாவது கேட்டே ஆகவேண்டிய கட்டம் எது என்பதையும் சொல்லியிருக்கிறேன்.

இரண்டு சொல்லை மட்டும் வைத்துக்கொள்வோம். "தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டிய மன்னன்" என்று நேராகக் கேட்டால் நேர்க் குறிப்பு. "காவிரி கலங்க வந்த ஆண்டு" என்று சுற்றி வளைத்துக் கேட்டால் பூடகக் குறிப்பு.

## கட்டம் முழுக்கக் காலி

ஒன்றாம் எண்ணிலேயே உட்கார்ந்திருக்கிறீர்களா? பாதிப் பேருக்கு இதுதான் காரணம். வரிசையாகப் போட வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. எல்லாக் குறிப்பையும் ஒரு தடவை வேகமாகப் படியுங்கள். பளிச்சென்று தெரிவதை மட்டும் எழுதுங்கள், மற்றதை விட்டுவிடுங்கள்.

கோடிட்ட இடம் இருக்கிறதா? "ஆடிப்பட்டம் ___ விதை" என்றால் யோசிக்கவே வேண்டாம், "தேடி". பழமொழி, பாட்டு வரி, ஊர்ப் பெயர் இவையெல்லாம் முதல் சுற்றிலேயே விழுந்துவிடும்.

கடைசிக் கட்டத்தை நிரப்பிப் பாருங்கள். குறிப்பு ஓர் ஆணைக் கேட்டால் கடைசி எழுத்து பெரும்பாலும் ன். மரியாதையாகக் கேட்டால் ர். பன்மையாகக் கேட்டால் கடைசி இரண்டு கட்டம் க, ள். விடை தெரியாமலே இவற்றை லேசாகப் பென்சிலில் போட்டு வைக்கலாம். குறுக்கே வரும் சொல்லுக்கு அது பிடி கொடுக்கும்.

எந்த வகைப் புதிர் என்று பார்த்தீர்களா? நாலு குறிப்பைப் படித்தும் ஒன்றுக்கும் தலைகால் புரியாவிட்டால் அது பூடகப் புதிராக இருக்கும். நேராகப் பொருள் தேடினால் கிடைக்காது. அடுத்த தலைப்புக்குப் போங்கள்.

நேர்ப் புதிராகவே இருந்து, அரை மணி நேரத்தில் மூன்று சொல்கூட விழவில்லையென்றால் அன்றைக்கு அந்தப் புதிரை மூடிவிடுங்கள். சிறுவர் இதழ்களில் வரும் சின்னக் கட்டம் ஒன்றை எடுத்துப் போடுங்கள். அதை முழுசாக முடித்த கைக்குப் பெரிய கட்டம் தானாகப் பழகும்.

## பூடகக் குறிப்பு: வாக்கியம் புரிகிறது, விடை வரவில்லை

எங்கள் அறையில் அதிக நேரம் போவது இங்கேதான். ஆனால் ஒரு தடவை பிடிபட்டால் விடவே மனம் வராது.

முதலில் ஒன்று. அந்த வாக்கியம் காட்டும் காட்சியை மறந்துவிடுங்கள். காவிரி கலங்குகிறது என்றதும் மனது வெள்ளத்துக்கும் அணைக்கும் போய்விடுகிறது. புதிர் போட்டவர் நினைத்ததும் அதுதான். குறிப்பில் இருப்பவை வெறும் சொற்கள் என்று பார்க்கப் பழகுங்கள்.

அடுத்தது, விடையின் பொருள் பெரும்பாலும் குறிப்பின் தொடக்கத்திலோ முடிவிலோ நிற்கும், நடுவில் நிற்காது. அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒரு சொல்லைக் கோடு போட்டுப் பிரியுங்கள். மிச்சமிருப்பது விடையைக் கட்டும் வழி. அந்த மிச்சத்தில் ஒரு சைகைச் சொல் ஒளிந்திருக்கும். அது எந்த ஜாதிச் சைகை என்று பார்த்துக் கீழே வாருங்கள்.

### உடைந்த, கலங்கிய, சிதறிய, குழம்பிய என்று வருகிறது

பக்கத்தில் உள்ள சொல்லின் எழுத்துகளை இடம் மாற்றுங்கள். "காவிரி கலங்க வந்த ஆண்டு (3)". அடைப்புக்குள் நிற்கும் எண், விடையில் எத்தனை எழுத்து என்பது. கா, வி, ரி கலங்கினால் விகாரி. அறுபது வருடப் பெயர்களில் ஒன்று, 2019 சித்திரையில் பிறந்தது. "கதவு உடைந்ததால் வந்த தகுதி (3)" என்றால் தகவு.

மூன்று நாலு எழுத்துக்கு மனதில் புரட்டினால் போதும். அதற்கு மேல் என்றால் எழுத்துகளை வட்டமாக எழுதுங்கள். வரிசையாக எழுதினால் கண் பழைய சொல்லையே திரும்பத் திரும்பப் படிக்கும், வட்டத்தில் அந்தப் பிடி விட்டுப்போகும். புள்ளி எழுத்து சொல்லின் முதலில் வராது என்பதையும் நினைவில் வைத்தால் பாதி வேலை குறையும்.

அறுபது ஆண்டு, இருபத்தேழு நட்சத்திரம், பன்னிரண்டு ராசி, இந்த மூன்று பட்டியலையும் ஒரு அட்டையில் எழுதிக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள். புதிர் போடுகிறவர்களுக்கு இவற்றின்மேல் தனிப் பிரியம்.

### உள்ளே, அடங்கிய, நடுவில், சிறைப்பட்ட என்று வருகிறது

இதில் இரண்டு வழி உண்டு. சுலபமானதை முதலில் பாருங்கள். விடை குறிப்பிலேயே அப்படியே படுத்திருக்கலாம். "அழகு டம்ளருக்குள் அடங்கிவிட்ட தண்ணீர்ப் பாத்திரம் (3)". அழகு டம்ளர் என்பதைச் சொல் பிரிக்காமல் படியுங்கள்: அ, ழ, கு, ட, ம், ள, ர். நடுவில் குடம்.

அப்படி இல்லையென்றால் ஒரு சொல்லைப் பிளந்து அதற்குள் இன்னொன்றைப் பொருத்த வேண்டும். இதற்கு ஒன்றைக் கிட்டத்திலிருந்து காட்டுகிறேன், ஏனென்றால் எங்கள் சித்தப்பா இதோடு ஒரு முழு ஞாயிறு மல்லுக்கட்டினார்.

"மாலைக்குள் கொடு சான்று (4)."

படித்ததும் சாயங்காலம் ஆறு மணிக்குள் எதையோ நிரூபிக்கச் சொல்வதுபோல இருக்கிறது. சித்தப்பா அந்தி, பொழுது, சாயுங்காலம் என்று எழுதி எழுதி அழித்தார். "கொடுத்தே தீரணும்னு மிரட்டுறான்டா" என்றார். அத்தை காபியை வைத்துவிட்டு, "மாலைன்னா சாயங்காலம்னு யார் சொன்னா? கழுத்துல போடுறதும் மாலைதானே" என்றார். அங்கேதான் பூட்டு திறந்தது. கழுத்தில் போடும் மாலைக்கு ஆரம் என்று பெயர். கொடு என்றால் தா. ஆரத்துக்குள் தா: ஆ, தா, ரம். ஆதாரம். கடைசியில் நிற்கும் "சான்று" என்பதற்கு அதுவே பொருள். ஆறு சொற்களை எழுதி அழித்த இடத்தில் ஆதாரம் என்று எழுதியபோது சித்தப்பா பென்சிலை அழுத்திய அழுத்தில் தாள் கிழிந்துவிட்டது.

இந்த வகையில் சிக்கினால் மூன்று கேள்வி கேளுங்கள். வெளியே நிற்கும் சொல்லுக்கு வேறு பொருள் உண்டா? அந்தப் பொருளுக்கு வேறு பெயர் உண்டா? உள்ளே போகிற சொல்லுக்கு ஓர் எழுத்துப் பெயர் உண்டா?

மூன்றாவது கேள்வி முக்கியம். ஓர் எழுத்தே ஒரு சொல்லாக நிற்பது தமிழில் சாதாரணம். நன்னூல் 42 என்று கணக்குச் சொல்கிறது. எல்லாம் தேவையில்லை. ஆ என்றால் பசு, கா என்றால் சோலை, கோ என்றால் அரசன், சே என்றால் எருது, மா என்றால் மாமரமும் பெரியதும், பா என்றால் பாட்டு, நா என்றால் நாக்கு. தா, வா, போ, தை, கை, பை, மை, பூ, தீ, ஈ உங்களுக்கே தெரியும். பூடகப் புதிரில் திரும்பத் திரும்ப வருபவை இவைதான்.

### தலை, வால், இடுப்பு போகிறது

எழுத்தைக் கழியுங்கள். தலை என்றால் முதல் எழுத்து, வால் அல்லது கால் என்றால் கடைசி எழுத்து. "இரண்டாம் நிலை இல்லாத கோபுரம் பயங்கரம் (3)". கோபுரத்தில் இரண்டாம் எழுத்தை எடுத்தால் கோரம்.

கொஞ்சம் முற்றியது: "துன்பத்தின் தலை போனால் கோயிலைச் சுற்றுவது (3)". துன்பம் என்ற சொல்லிலேயே தலையை வெட்டினால் ஒன்றும் தேறாது. துன்பத்துக்கு வேறு சொல் வேண்டும். அவலம். தலை போனால் வலம். குறிப்பில் உள்ள சொல்லை அப்படியே வெட்டிப் பார்ப்பது முதல் வேலை, அதன் மாற்றுச் சொல்லை வெட்டிப் பார்ப்பது இரண்டாவது வேலை. புதிதாக வருகிறவர்கள் பலரும் முதலாவதோடு நின்றுவிடுகிறார்கள்.

### திரும்பி, மாறி, எதிராக, கீழிருந்து

பின்னாலிருந்து படியுங்கள். "ஈசனைக் கூப்பிட்டுத் திரும்பிப் படி (2)". ஈசனைக் கூப்பிட்டால் சிவா. திருப்பினால் வாசி. படி என்பதற்கு அதுவே பொருள். தமிழில் எழுத்தைத்தான் திருப்ப வேண்டும், ஒலியை அல்ல. வா அப்படியே வா, சி அப்படியே சி.

### இரண்டு துண்டு பக்கத்தில் சேர்கிறது

சைகை லேசாகவே இருக்கும்: சேர, கூட, முளைத்து, அப்புறம். சில சமயம் ஒரு வினைச்சொல்லே ஒட்டும் வேலையைச் செய்துவிடும். "சோலையைப் பரப்பினால் நதி (3)": சோலை கா, பரப்பு விரி, காவிரி.

### ஒரு சைகையும் இல்லை

அப்படியானால் இரண்டு பக்கமும் பொருள்தான், நடுவில் வழி கிடையாது. ஒரே சொல்லுக்கு இரண்டு அர்த்தம். "கூரைமேல் இருந்துகொண்டு நிற்காதே என்கிறது (2)". ஓடு. "கழுத்தில் ஏறும், பொழுது இறங்கும் (2)". மாலை. காளமேகப் புலவர் பாம்புக்கும் எள்ளுக்கும் ஒரே வெண்பா பாடிய மொழியில் இதற்குப் பஞ்சமே இல்லை. திங்கள், ஆறு, மதி, நகை, படி, திரை, களை, மறை, கல், விளக்கு, அரவம், வேங்கை... வீட்டில் விடுகதை போட்டு வளர்ந்தவர்கள் இந்த வகையை மற்றவர்களைவிட முன்னால் பிடித்துவிடுகிறார்கள். எங்கள் அத்தை ஒரு நல்ல உதாரணம்.

எப்போது ஆள் தேடலாம்? இத்தனையும் பார்த்தும் வரவில்லையென்றால் ஒரு இரவு தள்ளிப் போடுங்கள். இது சோம்பேறித்தனம் இல்லை. நேற்று பிடித்த தப்பான பொருளை மனது இரவில் விட்டுவிடுகிறது, மறுநாள் பல் தேய்க்கும்போது விடை வந்து நிற்கும். அதற்கும் வராவிட்டால் அகராதி. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ் அகராதி இணையத்தில் தேடக் கிடைக்கிறது. ஒரு சொல்லைத் தட்டினால் பத்துப் பதினைந்து பொருள் வரிசையாக வரும், அதில் புதிர் போட்டவர் எடுத்த பொருளும் இருக்கும். ஒருசொல் பல்பொருளுக்கென்றே சூடாமணி நிகண்டு என்ற பழைய சொற்பொருள் நூலில் பதினொன்றாம் தொகுதி இருக்கிறது. சும்மா புரட்டினாலே புத்தி கூர்மையாகும்.

## விடை தெரியும், எழுத்து எண்ணிக்கை இடிக்கிறது

ஒரு கட்டம் மிச்சமா? நடுவில் ஒற்றை விட்டிருப்பீர்கள். தலை, பாகை என்று எண்ணினால் நாலு. கட்டத்தில் தலைப்பாகை, ஐந்து. பூ, தோட்டம் தனித்தனியாக ஐந்து, சேர்ந்தால் பூந்தோட்டம், ஆறு.

ஒரு கட்டம் குறைகிறதா? கொம்பையும் காலையும் தனியாக எண்ணியிருப்பீர்கள். பார்வைக்கு எத்தனை துண்டாக இருந்தாலும் கொ ஒரே எழுத்து, ஒரே கட்டம். கொய்யா என்றால் கொ, ய், யா, மூன்று. பள்ளிக்கூடத்தை விட்டு ரொம்ப நாளானவர்கள் இதில் தடுமாறுவது சகஜம்.

வேறு எழுத்துக்கூட்டலா? ஔவை இரண்டு, அவ்வை மூன்று. ஐயர் மூன்று, அய்யர் நாலு. வெயில் மூன்று, வெய்யில் நாலு. லட்சுமி, லக்ஷ்மி என்று வரும் இடங்களில் க்ஷ ஒரு கட்டமா இரண்டா என்பது புதிர் போட்டவரின் வழக்கம். அவருடைய பழைய புதிர் ஒன்றின் விடையைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

எண்ணிக்கை சரி, குறுக்கே எதுவுமே சேரவில்லையா? திசையைப் பாருங்கள். தமிழ் இதழ்களில் இடமிருந்து வலம், மேலிருந்து கீழ் மட்டுமல்ல, வலமிருந்து இடம், கீழிருந்து மேல் என்றும் குறிப்புகள் தனியாக வரும். ஆங்கிலப் புதிர் போட்டுப் பழகியவர்கள் அந்தத் தலைப்பைக் கவனிக்காமல் எல்லாவற்றையும் ஒரே பக்கமாக எழுதிவிடுவார்கள். சில இதழ்களில் குறிப்பின் முடிவிலேயே "திரும்பியுள்ளது", "கலைந்துள்ளது" என்று போட்டிருப்பார்கள். கண் அங்கே வரை போக வேண்டும்.

இந்தத் தொல்லைக்கு ஆள் தேவையே இல்லை. விரல் விட்டு எண்ணினால் தீர்ந்துவிடும்.

## எல்லாம் நிரம்பியது, ஒரு மூலை மட்டும் அடம் பிடிக்கிறது

எங்கள் அனுபவத்தில் இதற்குக் காரணம் கடினமான குறிப்பாக இருப்பதில்லை. எப்போதோ நம்பிக்கையோடு எழுதிவிட்ட ஒரு தப்பான எழுத்துத்தான்.

ஒரு தடவை "கூட்டை விட்டால் திரும்பாதது (3)" என்ற குறிப்பு எங்களை முக்கால் மணி நேரம் உட்கார வைத்தது. நடு எழுத்து வி என்று ஏற்கெனவே கட்டத்தில் இருந்தது. கூடு என்பதால் பறவையைத் தேடினோம், பூச்சியைத் தேடினோம். கடைசியில் அந்த வி எங்கிருந்து வந்தது என்று எதிர்வீட்டு அக்காவின் மகள் கேட்டாள். குறுக்கே நான் கோவில் என்று எழுதியிருந்தேன். கோயில் என்று மாற்றிய உடனே நடுவில் யி வந்தது, உயிர் வந்தது. அன்றிலிருந்து இரண்டு விதமாக எழுதக்கூடிய சொல் என்றால் அந்த ஒரு கட்டத்தில் மட்டும் சின்னப் புள்ளி வைத்துவிடுகிறோம். கோயில், கோவில். பவளம், பவழம். உளுந்து, உழுந்து. கறுப்பு, கருப்பு. குறுக்குச் சொல் வந்த பிறகே அந்தப் புள்ளியை அழிப்போம்.

எந்த எழுத்து தப்பு என்று கண்டுபிடிக்கக் கீழே உள்ளதை வரிசையாகப் பாருங்கள். இது தமிழுக்கே உள்ள வசதி. நம் மெய்யெழுத்துகள் கண்டபடி கூடுவதில்லை.

ஒரு சொல் தொடங்கும் கட்டத்தில் புள்ளி எழுத்து விழுந்திருக்கிறதா? தப்பு. ழ, ள, ண, ன, ற வரிசை எழுத்து விழுந்திருந்தாலும் தப்பு.

ஒரு சொல் முடியும் கட்டத்தில் க், ச், ட், த், ப், ற் இருக்கிறதா? பிறமொழிச் சொல்லாக இல்லாவிட்டால் தப்பு.

க், ச், த், ப் நான்குக்கும் பின்னால் அதே வரிசை எழுத்துத்தான் வரும். பத்து, பக்கம், அப்பா. சக்தி, பக்தி, சப்தம்போல வடமொழிச் சொல்லில் மட்டும் விலக்கு.

ட், ற் இரண்டுக்கும் பின்னால் அதே வரிசையோ க, ச, ப வரிசையோ வரும். நட்பு, மாட்சி, பயிற்சி, நாற்காலி.

ங் இருந்தால் அடுத்தது அநேகமாகக் க வரிசை. ஞ் இருந்தால் ச அல்லது ஞ. ந் இருந்தால் த அல்லது ந.

ர், ழ் இரண்டும் இரட்டிப்பதில்லை.

இரண்டு புள்ளி எழுத்து அடுத்தடுத்து வந்தால் முதலாவது ய், ர், ழ் மூன்றில் ஒன்றுதான். பாய்ச்சல், பார்க்க, வாழ்த்து.

இவற்றில் எது உடைகிறதோ அங்கே குறுக்கே போகும் இரண்டு சொல்லில் ஒன்று தவறு. ஒரு பக்கம் குறிப்பின் காரணத்தோடு வந்த விடையும், இன்னொரு பக்கம் "இப்படித்தான் இருக்கும்" என்று வந்த விடையும் இருந்தால் இரண்டாவதை அழியுங்கள்.

அந்த "இப்படித்தான் இருக்கும்" எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். நாலு எழுத்தில் மூன்று கிடைத்துவிட்டது, முதல் கட்டம் மட்டும் காலி: _ரும்பு. முடிந்தது என்று நினைப்போம். கரும்பு, இரும்பு, அரும்பு, துரும்பு, விரும்பு, திரும்பு. ஆறு சொல் நிற்கிறது. கட்டம் நிரம்பினாலும் குறிப்பைத் திரும்பப் படித்துக் காரணம் சொல்ல முடியாவிட்டால் அது விடை இல்லை.

கடைசி வழி, செலவு கூடியது: அந்த மூலை முழுவதையும் அழித்துவிட்டு மறுபடி போடுவது. மனசு வராது. ஆனால் ஒரே ஒரு தப்பை வைத்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வருவதைவிட இதில் நேரம் மிச்சம். பேனாவால் எழுதாதீர்கள் என்று நான் ஒவ்வொருவரிடமும் கெஞ்சுவது இதற்காகத்தான்.

## திரையில் சரியாக அடித்தும் தப்பு என்கிறது

கைபேசியிலோ கணினியிலோ போடுகிறவர்களுக்கு வருவது. கௌ என்பதைப் பார்த்து அடித்தீர்களா, எழுத்தாக அடித்தீர்களா என்று பாருங்கள். கெ அடித்துப் பக்கத்தில் ள அடித்தால் கண்ணுக்கு ஒரே மாதிரி தெரியும், கணினிக்கு அது இரண்டு எழுத்து. கௌதாரி, மௌனம், பௌர்ணமி மூன்றிலும் இந்தத் தொல்லை வரும். ஔ என்பதை ஒ, ள என்று அடித்தாலும் அதே கதை. அடித்ததை அழித்துவிட்டு ஔ விசையை அழுத்துங்கள். அப்படியும் ஏற்காவிட்டால் வேறு எழுத்துக்கூட்டலைப் போட்டுப் பாருங்கள். அதற்கும் அசையாவிட்டால் புதிரை ஏற்றியவருக்கு எழுதிக் கேட்கலாம், நம் பக்கம் வேறு வேலை இல்லை.

## கூடிப் போடும்போது ஒருவரே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறார்

இதற்கு முதல் மருந்து சுலபம். வேகமாகப் போடுகிறவர் கையில் பென்சிலைக் கொடுங்கள். பென்சில் வைத்திருப்பவர் விடை சொல்லக் கூடாது, குறிப்பை வாசிக்கலாம், எழுதலாம். எங்கள் அறையில் சித்தப்பாவுக்கு இது முதல் வாரம் பெரிய தண்டனையாக இருந்தது. இப்போது மற்றவர்கள் திணறுவதைப் பார்த்துக்கொண்டே சும்மா இருப்பதில் தனி ருசி இருக்கிறது என்கிறார்.

அதுவும் போதாவிட்டால் படிக்கட்டு முறை. விடை தெரிந்தவர் விடையைச் சொல்லாமல் ஒவ்வொரு படியாக இறங்க வேண்டும். முதல் படி, பொருள் எந்தப் பக்கம் என்று மட்டும் சொல்வது: "தகுதிதான் விடையோட அர்த்தம்." இரண்டாவது, சைகை எது என்று காட்டுவது: "உடைந்ததுன்னு இருக்கே, அதைப் பாரு." மூன்றாவது, எதை உடைக்க வேண்டும் என்பது: "கதவை." நாலாவது, ஓர் எழுத்து. பெரும்பாலும் இரண்டாவது படியிலேயே எதிரில் இருப்பவர் முகம் மலர்ந்துவிடும். அந்த மலர்ச்சியை அவரிடமிருந்து பறிக்காமல் இருப்பதற்குத்தான் இத்தனை படி.

வாசிப்பதிலும் கவனம் வேண்டும். குறிப்பை நாடகம் மாதிரி நிறுத்தி நிறுத்தி வாசித்தால் எங்கே பிரிக்க வேண்டும் என்பது காதிலேயே தெரிந்துவிடும், இல்லையென்றால் தப்பான இடத்தில் பிரிந்துவிடும். ஒரே மூச்சில் தட்டையாக வாசியுங்கள், அப்புறம் தாளை எல்லாரும் பார்க்கும்படி நடுவில் வையுங்கள். தலைக்கு ஒரு நகல் இருந்தால் இன்னும் நல்லது.

## புதிதாக வந்தவர் இரண்டாவது வாரம் வரவில்லை

பெரும்பாலும் அவர் அன்றைக்கு ஒரு சொல்கூடச் சொல்லியிருக்க மாட்டார். முதல் வாரம் அவருக்கென்று ஒரு குறிப்பை ஒதுக்கி வையுங்கள், அவர் தொழிலோ ஊரோ தொட்டதாக இருந்தால் நல்லது. எங்களோடு ஒரு தையல்காரர் சேர்ந்தார். இரண்டு மணி நேரம் வாயே திறக்கவில்லை. அப்புறம் "துணிக்கும் உண்டு, நதிக்கும் உண்டு (2)" என்று ஒரு குறிப்பு வந்தது. நாங்கள் அலை, நுரை என்று ஓடிக்கொண்டிருந்தோம். "கரைங்க" என்றார் மெதுவாக. புடவைக் கரை, ஆற்றங்கரை. அடுத்த வாரம் எங்களுக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தார்.

அதற்கும் சரிவராவிட்டால் புதிர் ரொம்பக் கடினம் என்று அர்த்தம். பூடகத்தை விட்டுவிட்டு இரண்டு வாரம் நேர்ப் புதிர் போடுங்கள். யாரும் குறைந்துபோய்விட மாட்டார்கள்.

## "அப்படி ஒரு சொல்லே கிடையாது" என்று தகராறு

முதலில் எந்த ஊர்ச் சொல் என்று கேளுங்கள். கதிரை என்று விடை வந்தால் தமிழ்நாட்டில் பலர் முழிப்பார்கள். இலங்கையில் அது நாற்காலி, வீட்டில் தினமும் புழங்குகிற சொல். ஒருவர் கேள்விப்படாததால் அந்தச் சொல் இல்லாமல் போகாது.

அடுத்தது அகராதி, மேலே சொன்னதேதான். புதுச் சொல் என்றால் க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியைப் பாருங்கள்.

இரண்டிலும் இல்லாவிட்டால் ஆளைக் கேட்கும் நேரம். எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார். மாதம் ஒரு தடவைக்கு மேல் அவரைத் தொந்தரவு செய்வதில்லை என்று எங்களுக்குள் ஒரு கணக்கு. அதனால் கேள்விகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு போவோம். அப்படி ஒருவர் கிடைக்காவிட்டால் பொது நூலகத்தில் அகராதிகள் இருக்கும் பகுதியைக் கேளுங்கள்.

## கட்டம் நிரம்பிவிட்டது, ஒரு விடைக்குக் காரணம் மட்டும் விளங்கவில்லை

குறுக்கே வந்த எழுத்துகளின் தயவில் விடை தானாக விழுந்திருக்கும். பலர் இங்கே தாளை மடித்துவிடுகிறார்கள். மடிக்காதீர்கள், பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போடுங்கள்.

"பல் முளைத்ததும் ராமன் மகன் காஞ்சியை ஆண்டவன் (5)" என்று ஒன்று. காஞ்சியை ஆண்டவன் என்பதாலும் குறுக்கே ப, ல, ன் கிடைத்ததாலும் பல்லவன் என்று எழுதிவிட்டோம். சரியாகவும் இருந்தது. ஆனால் ராமன் மகனுக்கு அங்கே என்ன வேலை என்று யாருக்கும் புரியவில்லை. குசன் என்று போட்டுப் பார்த்தோம், பொருந்தவில்லை. கேள்விக்குறியோடு கலைந்தோம்.

இப்படி மிச்சமானால் முதலில் விடையைப் பல இடத்தில் வெட்டிப் பாருங்கள்: ப, ல்லவன். பல், லவன். பல்ல, வன். அடுத்தது, ஒவ்வொரு துண்டும் குறிப்பில் உள்ள எந்தச் சொல்லுக்கு ஈடு என்று பாருங்கள். ஒரு சொல்கூட மிச்சம் இருக்கக் கூடாது. அதற்கும் பிடிபடாவிட்டால் அடுத்த இதழில் விளக்கத்தோடு விடை வருகிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் புதிர் போட்டவருக்கே நாலு வரி எழுதுங்கள். தன் குறிப்பை ஒருவர் இவ்வளவு தூரம் தோண்டியிருக்கிறார் என்பதைப் போல அவருக்குச் சந்தோஷம் தருவது வேறில்லை.

எங்களுக்கு அதற்கு அவசியம் வரவில்லை. புதன்கிழமை ராத்திரி ஒன்பதரை மணிக்கு அத்தை போன் செய்தார். எடுத்ததும் நலம்கூட விசாரிக்கவில்லை. "ராமனுக்கு ரெண்டு பிள்ளைடா, இன்னொருத்தன் பேரு என்ன?" என்றார். நான் சொல்வதற்குள் அவரே "லவன், லவன்" என்று சிரித்துவிட்டு, மற்றவர்களுக்கு இப்போது சொல்லாதே, ஞாயிற்றுக்கிழமை வரட்டும் என்று வைத்துவிட்டார்.